அளவெடுத்துத் தைத்த முதல் சட்டை: சேலம், நாமக்கல் சமவெளியில் தையற்காரரைத் தேர்ந்தெடுத்த வரலாறு

அளவெடுத்துத் தைத்த சட்டை என்பது ஒருவரின் கழுத்து, தோள், மார்பு, கை ஆகியவற்றை நாடாவால் அளந்து, அந்த அளவுக்கென்றே துணியை வெட்டித் தைத்துத் தரப்படும் சட்டை ஆகும். கடையில் எண் பார்த்து வாங்கும் ஆயத்தச் சட்டையிலிருந்து இது வேறுபட்டது. ஆங்கிலேயர் இத்தகைய உடையைப் 'பிஸ்போக்' என்பர். இன்னாருக்கென்று பேசி ஒதுக்கப்பட்ட துணி என்னும் பொருளில் அச்சொல் வந்ததாக இலண்டன் தையற்காரர்கள் விளக்கம் கூறுவதுண்டு. சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை இதற்குத் தனிப்பெயர் தேவைப்படவில்லை. சட்டை என்றாலே தைத்த சட்டைதான். துணிக்கடையில் துணி எடுப்பது ஒரு வேலை, அதை யாரிடம் தைக்கக் கொடுப்பது என்று முடிவு செய்வது இன்னொரு வேலை.

இந்த இரண்டாவது முடிவுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பல நூற்றாண்டுகளாகத் துணி நெய்து பிற நாடுகளுக்கு அனுப்பிய இந்தச் சமவெளியில், பெரும்பாலான ஆண்கள் சட்டை அணியத் தொடங்கியது மிகப் பிந்தியே. முதல் சட்டையைத் தைப்பவரைத் தேர்ந்தெடுப்பதில் கைத்திறமையும் கூலியும் மட்டும் கணக்கில் வரவில்லை. யாருடைய உடம்பை யார் தொட்டு அளப்பார் என்ற கேள்வியும் அதில் இருந்தது.

நெய்த ஊர், தைக்காத உடை

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட இந்தச் சமவெளி 1997 ஜனவரி 1 வரை ஒரே சேலம் மாவட்டத்தில் இருந்தது. அன்றுதான் நாமக்கல் தனி மாவட்டம் ஆனது. சேலம் நகரின் அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, குகைப் பகுதிகளிலும், இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம், இராசிபுரம், திருச்செங்கோடு, குமாரபாளையம், பள்ளிபாளையம் ஆகிய ஊர்களிலும் செங்குந்தர், தேவாங்கர், சௌராட்டிரர் உள்ளிட்ட பல சமூகத்தார் தறி நெய்துவந்தனர். 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின் இப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கம்பெனி தன் வணிக அதிகாரி ஒருவரைச் சேலத்தில் அமர்த்தி நெசவாளர்களிடம் துணி கொள்முதல் செய்தது. அக்கால ஐரோப்பிய வணிகக் கணக்குகளில் 'சாலம்பூர்' என்றொரு துணி அடிக்கடி வருகிறது. பெயர் ஒற்றுமையை வைத்து அதைச் சேலத்துத் துணி என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அத்துணியின் பெயர்பெற்ற விளைவிடம் நெல்லூரை ஒட்டிய ஆந்திரக் கடற்கரை. சேலத்துக்குப் பெருமை சேர்க்க இந்தச் சான்று தேவையில்லை. சேலம் வெண்பட்டு வேட்டிக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

இவ்வளவு துணி நெய்தவர்கள் உடுத்தியது தைக்காத உடை. வேட்டியும் துண்டும் தறியிலிருந்து அறுத்த நிலையிலேயே அணியப்படுபவை. உடுத்துபவர் மெலிந்தாலும் பருத்தாலும் அதே வேட்டி போதும். தந்தையின் வேட்டியை மகன் கட்டலாம். வெப்பம் மிகுந்த சமவெளிக்கு அதுவே பொருத்தமான உடை. சட்டையின் இயல்பு வேறு. அதற்குத் துணியை வெட்ட வேண்டும், வெட்டிய துணி மீண்டும் ஒன்று சேராது. கத்தரி தவறினால் நூலும் நெசவும் வீண். துணி விலை தையற்கூலியைவிடப் பலமடங்கு மிகுந்திருந்த காலத்தில், தையற்காரர் கையில் துணியைக் கொடுப்பது அவர்மீது வைக்கும் பெரிய நம்பிக்கை.

தையல் தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துக் கைவினைஞர் வரிசையில் துன்னகாரர் இடம்பெறுகின்றனர். துன்னுதல் என்றால் தைத்தல். முல்லைப்பாட்டில் பாசறைக் காவலில் நிற்கும் யவனர் 'மெய்ப்பை' அணிந்தவராகக் காட்டப்படுகின்றனர். மெய்யை இட்டுவைக்கும் பை என்ற அந்தப் பெயரே, உடம்பை மூடித் தைத்த உடை அன்றைய தமிழ்க் கண்ணுக்கு வியப்பாக இருந்ததைச் சொல்கிறது. பிற்காலத்தில் படைவீரரும் அரண்மனைப் பணியாளரும் சட்டை அணிந்தனர். உழவரும் நெசவாளரும் அணியவில்லை.

ஊசியும் பெடலும்

இரயில்பாதை 1860களின் தொடக்கத்தில் சேலத்தை எட்டியது. 1866இல் சேலம் நகராட்சி உருவானது. கச்சேரி, பள்ளி, நீதிமன்றம், இரயில்வே எனப் புதிய வேலைகள் வந்தபோது அவற்றுக்குரிய உடையும் வந்தது. வேட்டிக்கு மேல் சட்டையும் கோட்டும், தலையில் தலைப்பாகையும் அணிந்த வழக்கறிஞர்களும் குமாஸ்தாக்களுமே இந்தச் சமவெளியின் முதல் சட்டை வாடிக்கையாளர்கள். பொத்தான் என்ற சொல்லைப் போர்த்துக்கீசியரிடமிருந்து வாங்கிக்கொண்ட தமிழ், காலர், கஃப் என்ற சொற்களை ஆங்கிலத்திலிருந்தும், பொத்தான் துளைக்குக் காஜா என்ற சொல்லை உருதுவிலிருந்தும் பெற்றது. இன்றும் ஒரு தையற்கடையில் பத்து நிமிடம் நின்றால் இந்த மூன்று மொழிச் சொற்களும் காதில் விழும். சட்டை எந்தெந்த வழியாக இங்கே வந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

தமிழ்நாட்டின் தொடக்ககாலத் தையற்காரர்களில் முஸ்லிம்களும், மராத்தி மொழி பேசும் ரங்காரி, பாவசார் சமூகத்தாரும் கணிசமாக இருந்தனர். சட்டையே அணியாத நிலப்பகுதியில் வாழையடி வாழையாக வந்த சட்டைத் தையல் மரபு இருக்க வாய்ப்பில்லை. வெளியிலிருந்து வந்தவர்கள் அதைக் கொண்டுவந்தனர். பின்னர், இயந்திரம் பரவியபோது, எல்லாச் சமூகத்தாரும் இத்தொழிலில் நுழைந்தனர்.

அந்த இயந்திரத்தின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. அமெரிக்கரான ஐசக் சிங்கர் தம் தையல் இயந்திரத்துக்கு 1851இல் காப்புரிமை பெற்றார். அவருடைய நிறுவனம் விரைவிலேயே தவணை முறையில் இயந்திரத்தை விற்கத் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிங்கர் இந்தியாவுக்கும் வந்தது. மொத்தப் பணமும் கையில் இல்லாத தையற்காரர் மாதந்தோறும் தவணை கட்டி ஓர் இயந்திரத்தை உரிமையாக்கிக்கொள்ள முடிந்தது. பெரிய தொழிற்சாலை தேவைப்படாமல், ஒரு திண்ணையில் ஒருவரே முதலாளியாகவும் தொழிலாளியாகவும் இருக்க வழிசெய்த இயந்திரம் இது. துணிக்கடைத் திண்ணையிலேயே தையற்காரர் பெடல் மிதித்துக்கொண்டிருக்கும் காட்சி தமிழ்நாட்டுக் கடைவீதிகளின் அடையாளம் ஆனது. 1930களில் கல்கத்தாவில் உஷா இயந்திரம் உருவானதும் இந்தியத் தயாரிப்பும் போட்டிக்கு வந்தது.

இயந்திரங்களைப் பற்றிக் கடுமையான கருத்துக்கொண்டிருந்த காந்தியடிகளும் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார். 1924இல், பின்னாளில் காந்திகிராமத்தை நிறுவிய ஜி. இராமச்சந்திரனுடன் நடந்த உரையாடலில் அவர் இதைக் கூறினார். தன் மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்டு சிங்கர் அதை உருவாக்கினார் என்பது அவர் தந்த காரணம். சிங்கரின் வாழ்க்கை வரலாறு அவ்வளவு கனிவானதன்று, அவர் இலாபத்தை நோக்கியே உழைத்தவர். ஆயினும் தையல் இயந்திரம் மனிதனின் கையை நீக்கிவிடாமல் அதற்குத் துணைநிற்கிறது என்ற காந்தியடிகளின் கணிப்பு சரியானதே.

சட்டை போடலாமா?

தையற்காரரும் இயந்திரமும் துணியும் இருந்தும் எல்லோரும் சட்டை அணிந்துவிட முடியவில்லை. துண்டைத் தோளில் போடுவதா, இடுப்பில் கட்டுவதா என்பதே சாதிப் படிநிலையைக் காட்டிய சமூகத்தில் சட்டை பெரிய அறைகூவலாகப் பார்க்கப்பட்டது. தெற்கே திருவிதாங்கூரில் மேலாடை உரிமைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோள்சீலைப் போராட்டம் நடந்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள்மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் சட்டை, கோட்டு, பனியன் அணியக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ உடுத்தக்கூடாது என்பது இன்னொன்று. மீறியவர்களின் குடிசைகளும் உடைமைகளும் தாக்கப்பட்டன. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் இத்தடைகளைத் தம் நூலில் வரிசையாகப் பதிவு செய்துள்ளார்.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இப்படி எழுத்தில் இறங்கிய பட்டியலைப் பற்றிப் பேசுவதைவிட, அன்றாட வழக்கத்தைப் பற்றிப் பேசுவதே பொருந்தும். கொங்கு வட்டாரச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை அண்மைக்காலம் வரை பதிவாகியுள்ளது. தையற்கடையில் இதே தீண்டாமை வேறு உருவம் எடுத்தது. தமிழ்நாடு உள்ளிட்ட பதினொரு மாநிலங்களில் 565 சிற்றூர்களை ஆராய்ந்து, 2006இல் நூலாக வெளிவந்த ஒரு கள ஆய்வு, தலித் மக்களுக்கு அளவெடுக்கத் தையற்காரர் மறுப்பதைத் தீண்டாமை வடிவங்களில் ஒன்றாகக் கணக்கிட்டது. காரணம் வெளிப்படை. தேநீர் கொடுக்கத் தொட வேண்டியதில்லை, குவளையைத் தள்ளிவைத்தால் போதும். சட்டைக்கு அளவெடுக்க வேண்டுமானால் தோளில் கை வைக்க வேண்டும், மார்பைச் சுற்றி நாடாவைக் கொண்டுவர வேண்டும், கழுத்தைத் தொட வேண்டும்.

இங்கேதான் 'அளவுச் சட்டை' என்ற வழக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே சரியாக இருக்கும் பழைய சட்டையொன்றைத் தையற்காரரிடம் கொடுத்து, 'இதே அளவுக்கு' என்று தைக்கச் சொல்வது இவ்வட்டாரத்தில் இன்றும் உள்ள பழக்கம். ஆளைத் தொடாமலே அளவு கிடைத்துவிடும் முறை அது. ஆனால் முதல் சட்டை தைப்பவரிடம் அளவுச் சட்டை ஏது? அவர் உடம்போடு வந்து நின்றாக வேண்டும். சொந்த ஊரில் தயங்கும் தையற்காரர் இருந்தால், சந்தைக்கும் நகரத்துக்கும் போக வேண்டும். எந்தத் தெரு, யார் மகன் என்று கேட்காமல் நாடாவை எடுக்கும் கடையைத் தேடுவதும் தையற்காரரைத் தேர்ந்தெடுப்பதன் ஒரு பகுதிதான். தையற்கலை பற்றிய நூல்கள் இதைச் சொல்வதில்லை.

கதர், கறுப்பு, காக்கி

சிலர் சட்டை அணிய முயன்றுகொண்டிருந்த அதே காலத்தில், ஒருவர் சட்டையைக் கழற்றினார். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தியடிகள் மேலாடையை விட்டு அரையாடைக்கு மாறினார். ஏழைக்கு இல்லாத துணி தமக்கும் வேண்டாம் என்பது அவர் நிலை. ஏழைக்கும் சட்டை வேண்டும் என்பது மறுதரப்பின் நிலை. அம்பேத்கர் முழு மேல்நாட்டு உடையில் பொதுவெளியில் தோன்றியதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு நிலைகளுக்கும் நியாயம் உண்டு. ஆனால் கழற்றுவதற்கு முதலில் ஒரு சட்டை இருந்திருக்க வேண்டும்.

சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த இராஜாஜி, திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் 1925 பிப்ரவரி 6 அன்று காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். வறட்சி மிகுந்த அவ்வட்டாரத்துப் பெண்கள் நூற்ற நூல் அங்கே கதராயிற்று. எழுத்தாளர் கல்கி சில ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். கதர்ச் சட்டையும் ஜிப்பாவும் தைப்பது அன்றைய தையற்காரருக்குப் புதுப் பாடம். கையால் நூற்ற நூல் ஒரே சீராக இருக்காது, துவைத்தால் நன்றாகச் சுருங்கும். மில் துணிக்குப் போடும் அளவைக் கதருக்குப் போட்டால் இரண்டாம் சலவையில் கழுத்து இறுகிவிடும். கதர் தைக்கத் தெரிந்தவர், தெரியாதவர் என்று தையற்காரர்கள் பிரிவது இயல்பாகவே நடந்தது.

அடுத்த திருப்பமும் சேலத்தில்தான். 1944 ஆகஸ்ட் 27 அன்று சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. அடுத்த ஆண்டு பெரியார் கருஞ்சட்டைப் படையை அறிவித்தார். 1946 மே மாதம் மதுரையில் கருஞ்சட்டை மாநாடு நடந்தபோது பந்தல் எரிக்கப்பட்டது. 1948இல் சென்னை மாகாண அரசு கருஞ்சட்டைப் படையைத் தடைசெய்தது. கறுப்பு நிறத்தில் ஒரு சட்டை தைத்து அணிவது அரசு கவனிக்கும் செயலாக இருந்த காலம் அது. அப்போது ஆயத்தச் சீருடைகள் கடையில் தொங்கவில்லை. அத்தனை கறுப்புச் சட்டைகளையும் ஊர்த் தையற்காரர்களே தைத்தார்கள். 1943ஆம் ஆண்டின் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணைக்குப் பின் துணியே அரிதாக இருந்த ஆண்டுகள் அவை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். கிடைத்த ஒரு துண்டுத் துணியைச் சட்டையாக்கும்போது கறுப்பைத் தேர்ந்தெடுப்பது சிறிய முடிவன்று.

காக்கியின் வரவு அமைதியானது. சென்னை பக்கிங்ஹாம், கர்நாட்டிக் மில்களின் காக்கித் துணி தென்னாடு முழுவதும் புகழ்பெற்றது. நாமக்கல்லில் லாரித் தொழிலும் கூண்டு கட்டும் தொழிலும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணற்று வண்டித் தொழிலும் வளர்ந்தபோது, சமவெளி உழவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஓட்டுநர்கள் ஆயினர். காக்கிச் சட்டை அவர்கள் தொழிலின் அடையாளம். இரண்டு பைகள், பைக்கு மூடி, உரிமம் வைக்க உள்ளே ஒரு பை என்று அவர்கள் கேட்பதைத் தைத்துத் தரும் கடைகள் லாரிப் பேட்டைகளை ஒட்டி உருவாயின.

முதல் சட்டைக்குக் கடை தேடுதல்

ஒரு தையற்காரரின் தரத்தை எப்படி அறிவது? இதற்கு எழுதிவைத்த இலக்கணம் கிடையாது. வாடிக்கையாளர்கள் கண்ணால் பார்த்தும் பிறரிடம் கேட்டும் கற்றுக்கொண்டவை சில உண்டு. அவை இன்றும் செல்லுபடியாகும்.

விளம்பரப் பலகையைப் பார்த்து யாரும் முதல் சட்டையைக் கொடுப்பதில்லை. ஒருவர் அணிந்திருக்கும் சட்டை தோளில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால், 'எங்கே தைத்தீர்கள்?' என்று கேட்டு அந்தக் கடைக்குப் போவதே வழக்கம். தோள்தான் சட்டையின் அடித்தளம். இடுப்புப் பக்கம் தொளதொளவென்று இருந்தால் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம். நீளம் கூடினால் மடித்துக்கொள்ளலாம். தோள் தவறினால் சட்டையைப் பிரித்துத்தான் தைக்க வேண்டும், பெரும்பாலும் அதுவும் முடியாது.

கடைக்குப் போனதும் தைத்து முடித்துத் தொங்கவிட்டிருக்கும் சட்டைகளைப் பார்க்க வேண்டும். காலரின் இரு நுனிகளையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தால் சமமாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். காலருக்குள் வைக்கும் கேன்வாஸில் பழைய முறை தைத்துச் சேர்ப்பது, புதிய முறை சூட்டால் ஒட்டுவது. ஒட்டும் வகையில் மட்டமானதைப் போட்டால் சில சலவைகளுக்குப் பின் காலர் கொப்புளித்துக்கொள்ளும். கட்டம்போட்ட சட்டையே தையற்காரரின் உண்மையான தேர்வுத்தாள். பையின் கட்டங்கள் மார்புக் கட்டங்களோடு கோடு பிசகாமல் சேர்ந்திருக்க வேண்டும். பொத்தான் போட்டதும் இடப்பக்கக் கோடும் வலப்பக்கக் கோடும் ஒன்றாக ஓட வேண்டும். இதற்குக் கூடுதல் துணியும் கூடுதல் நேரமும் செலவாகும். இந்தச் செலவைச் செய்பவர் மற்ற இடங்களிலும் குறைவைக்க மாட்டார். தையலின் நெருக்கத்தையும் பார்ப்பார்கள். ஓர் அங்குலத்துக்கு எட்டுத் தையல் போட்டால் வேலை சீக்கிரம் முடியும். பன்னிரண்டு, பதினான்கு போட்டால் சட்டை நிற்கும்.

யார் அளவெடுக்கிறார், யார் வெட்டுகிறார் என்பது அடுத்த கேள்வி. பெரிய கடைகளில் ஒருவர் அளவெடுத்து நோட்டில் எழுதுவார், கட்டிங் மாஸ்டர் வெட்டுவார், உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வேறொருவர் தைப்பார், காஜா எடுக்கவும் பொத்தான் வைக்கவும் இன்னொருவர். நோட்டில் உள்ள எண்களைத் தவிர, ஆளைப் பற்றிய வேறு எதுவும் வெட்டுபவருக்குத் தெரியாது. ஆனால் ஒரே மார்பளவு உள்ள இருவருக்கு ஒருவர் தோள் சரிந்தும் இன்னொருவர் தோள் நிமிர்ந்தும் இருக்கலாம். பலருக்கு ஒரு தோள் சற்றுத் தாழ்ந்திருக்கும். இவை எண்ணில் வருவதில்லை, அளப்பவர் கண்ணில்தான் வரும். ஆகவே முதல் சட்டைக்கு, அளந்தவரே வெட்டும் சிறிய கடையே மேல். ஐரோப்பாவில் சுமார் 1800ஆம் ஆண்டுவரை அங்குல நாடாவே கிடையாது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு தாள் அல்லது தோல் பட்டையில் வெட்டுக்குறி இட்டு அளவைக் குறித்துவைத்தார்கள். எண் வருவதற்கு முன் ஆள்தான் அளவு.

இலண்டனில் முதல்தரக் கடைகள் ஒவ்வொருவருக்கும் தாளில் தனி மாதிரி வெட்டிப் பல்லாண்டு பாதுகாப்பது வழக்கம். நம் ஊர்த் தையற்காரர் பெரும்பாலும் தாளைப் பயன்படுத்துவதில்லை. சுண்ணக்கட்டியால் நேராகத் துணியிலேயே வரைந்து வெட்டிவிடுவார். அவர் பாதுகாப்பது அளவு நோட்டை மட்டுமே. பில்லில் அந்தத் துணியின் சிறு துண்டு ஒன்றைக் குத்திவைப்பார். அதுதான் ஒப்பந்தச் சீட்டு.

அந்த நோட்டில் இன்னொரு வரலாறும் இருக்கிறது. இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி மெட்ரிக் முறை 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. துணிக்கடை கெஜத்தை விட்டு மீட்டருக்கு மாறிவிட்டது. தையற்கடை மாறவில்லை. துணியை மீட்டரிலும் உடம்பை அங்குலத்திலும் அளக்கும் இரட்டைக் கணக்கு இன்றுவரை தொடர்கிறது. 36 அங்குல அகலத் துணியானால் முழுக்கைச் சட்டைக்கு ஏறக்குறைய இரண்டரை மீட்டர் வேண்டும். 58 அங்குல அகலமானால் ஒன்றேமுக்கால் மீட்டருக்குள் முடிந்துவிடும். அகலத்தைக் கேட்காமல் துணி எடுத்துவந்து, கை அரைக்கையாகிப் போனவர்கள் பலர்.

துணியைத் தைக்கக் கொடுக்குமுன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திக் கொடுப்பது பழைய வீட்டு வழக்கம். சுருங்குவது முன்பே சுருங்கிவிடும். சுருங்காதபடி பதப்படுத்திய மில் துணிகள் வந்தபின் பலர் இதைக் கைவிட்டனர். கைத்தறி, கதர், சாதாரணப் பாப்ளின் துணிகளுக்கு இது இன்றும் தேவை. கஞ்சியையும் கவனிக்க வேண்டும். சேலம் வட்டாரம் மரவள்ளிக்கும் ஜவ்வரிசிக்கும் பெயர்பெற்றது. மரவள்ளி மாவு துணித்தொழிலில் பாவு நூலுக்குக் கஞ்சி போடவும் பயன்படுகிறது. கடையில் மொடமொடவென்று நிற்கும் துணியை இரு கட்டைவிரல்களுக்கிடையே கசக்கினால் மாவு உதிருமானால், அது துணியின் தரமன்று, கஞ்சியின் தரம். முதல் சலவையில் சட்டை தளர்ந்துவிடும்.

நேரமும் முக்கியம். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் எந்த நல்ல தையற்காரரும் நல்ல தையற்காரராக இருக்க முடியாது. இரவு இரண்டு மணிவரை இயந்திரம் ஓடும், உதவிக்கு வெளியாட்கள் வருவார்கள், இறுதியில் 'ஆர்டர் எடுப்பதில்லை' என்று அட்டை தொங்கும். பள்ளி திறக்கும் ஜூன் மாதமும் பொங்கலுக்கு முந்தைய வாரங்களும் அப்படியே. மற்ற ஊர்களில் ஆடி ஓய்வான மாதம் என்றாலும் சேலத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழா அம்மாதத்தில்தான். இந்த நெருக்கடி இல்லாத நாளில், ஒரே ஒரு சட்டைக்கு மட்டும் துணி கொடுப்பதே விவரம் அறிந்தவர் வழி.

நாடாவைப் பிடித்ததும் தையற்காரர் கேட்கும் கேள்விகள் அவரைக் காட்டிக்கொடுக்கும். வேட்டிக்கா, பேண்டுக்கா? உள்ளே விட்டுக் கட்டுவீர்களா, வெளியே விடுவீர்களா? எந்தக் கையில் கடிகாரம்? துணி நனைத்ததா? ஒன்றுமே கேட்காமல் நான்கு எண்களை எழுதிக்கொண்டு நோட்டை மூடுபவரிடமிருந்து துணியைத் திரும்ப வாங்கிக்கொள்வதில் தவறில்லை. அளவு கொடுப்பவரும் மூச்சைப் பிடித்து, வயிற்றை உள்ளிழுத்து நிற்கக் கூடாது. சிறுவர்களுக்கு மட்டும் வேறு கணக்கு. 'வளர்ற பையன், கொஞ்சம் தாராளமா வெச்சுத் தையுங்க' என்று அம்மா சொல்வார். முதல் ஆண்டு தோள் இறங்கியும், இரண்டாம் ஆண்டு சரியாகவும், மூன்றாம் ஆண்டு தம்பிக்கும் அந்தச் சட்டை உதவும்.

ஆயத்த ஆடைக்குப் பின்

1960, 70களில் டெரிலின், டெரிகாட்டன் துணிகள் வந்தபோது தையற்கடைகளுக்குப் பொற்காலம். துவைத்துப் போட்டால் காய்ந்துவிடும், இஸ்திரி வேண்டாம் என்பதற்காக இந்த வெப்பப் பகுதியிலும் மக்கள் அதை விரும்பி அணிந்தார்கள். 1980களுக்குப் பின் திருப்பூரும் பெங்களூரும் அனுப்பிய ஆயத்தச் சட்டைகள் கடைவீதியை நிரப்பின. வேட்டிக்குத் துணையான வெள்ளைச் சட்டைகூட இன்று பெட்டியில் ஆயத்தமாக வருகிறது. தையற்கூலி மலிவான ஆயத்தச் சட்டையின் விலையையே எட்டிவிடுவதால் கணக்குப் பார்க்கும் குடும்பத்துக்கு வேறு வழியில்லை. ஆயத்தச் சட்டையின் எண்களோ பெரும்பாலும் வெளிநாட்டு அளவு அட்டவணைகளிலிருந்து வந்தவை. இந்தியருக்கென்று ஓர் அளவு அட்டவணை உருவாக்க, 25,000 பேரின் உடம்பை அளக்கும் திட்டத்தை தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் அண்மையில்தான் மேற்கொண்டது. ஆண்கள் சட்டை தைத்த பல கடைகள் இன்று இரவிக்கை, பள்ளிச் சீருடை, ஆல்ட்ரேஷன் ஆகியவற்றால் பிழைக்கின்றன. கைதேர்ந்த கட்டிங் மாஸ்டர்கள் முதியவர்களாகிவிட்டனர், அவர்கள் இடத்துக்கு இளைஞர்கள் வருவது குறைவு.

அரசுப் பள்ளி மாணவர்களின் விலையில்லாச் சீருடையைச் சமூகநலத் துறையின்கீழ் உள்ள மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடைகள். குமாரபாளையம், திருச்செங்கோடு போன்ற விசைத்தறி ஊர்களில் நெய்யப்படும் துணிகளில் சீருடைத் துணியும் உண்டு. தறி நெய்த ஊரின் துணி, தைக்கும் பெண்ணின் கைவழியாக, எந்தத் தெருப் பிள்ளை என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் போகிறது. அளவு சில பிள்ளைகளுக்குப் பொருந்துவதில்லை என்ற குறை உண்டு. அப்போது பெற்றோர் ஊர்த் தையற்காரரிடமே போகிறார்கள்.

கடையில் தைத்த முதல் சட்டையை வாங்கியவர், அதை மூன்று முறை துவைத்தபின் அணிந்துகொண்டு மீண்டும் கடைக்குப் போக வேண்டும். கழுத்துப் பொத்தானைப் போட்டால் இரண்டு விரல் நுழைகிறதா, கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் மேலே ஏறுகிறதா, முதுகில் மடிப்பு விழுகிறதா என்று தையற்காரர் பார்ப்பார். திருத்தத்தை நோட்டில் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்வார். பெரும்பாலும் கால் அங்குலம், அரை அங்குலம். அடுத்த முறை துணியோடு அந்தச் சட்டையையும் எடுத்துப்போனால் போதும். அதுவே இனி அளவுச் சட்டை.